படுத்த மாட்டை எழுப்புகிற விதம்

சேசு மரி சூசை துணை

டத்தோ கிராமட் சாலை, பினாங்கு
14 ஜனவரி 1932

தங்கச்சி அமலம்மாளுக்கு அண்ணன் ஆரோக்கியநாதன் எழுதுவது.

நான் நலம். மாடுகள் நலம். உன் நலம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கெப்பாலா பத்தாஸிலிருந்து வைக்கோல் வந்து வெகு நாளாயிற்று. அங்கே அறுவடை முடிந்து வயலெல்லாம் வைக்கோல் கிடக்கிறது. இங்கே நான் கொட்டகை நிறைய வண்டி மாடுகளை வைத்துக்கொண்டு சீன வியாபாரி தவுக்கேயிடம் ஒரு கட்டுக்கும் இரண்டு கட்டுக்கும் பல்லைக் காட்டுகிறேன். உன் புருஷனை அந்தக் கரையில் உட்கார வைத்தது வைக்கோல் அனுப்பத்தானே? கேட்டால் காய்ச்சல் என்கிறாய். போன மாதமும் காய்ச்சல். அதற்கு முன்னே முதுகுவலி.

நேற்று படகுக்காரன் அப்துல் காதரின் சட்டையைப் பிடித்தேன். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்லலா முதலாளி. உச்சி வெயில்ல செவுத்தப் பாத்துப் படுத்திருக்காரு. கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கிறாரு" என்று உளறிவிட்டான். அப்படியா சங்கதி?

இன்று காலை கப்பல்துறையில் நடந்ததைக் கேள். அரிசி மூட்டை ஏற்றிய வண்டியில் மயிலை மாடு படுத்துவிட்டது. ஜோடி மாடு செவலை ஒற்றையாக நுகத்தில் மாட்டிக்கொண்டு கழுத்து முறிகிற மாதிரி திணறுகிறது. பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். வண்டிக்காரன் தார்க்குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் மிளகாய்ப் பொடியை மயிலையின் மூக்கில் ஊதினேன். வாலை முறுக்கிப் பல்லால் கடித்தேன். வாயெல்லாம் ரத்தமும் சாணியும். மாடு ஒரு கத்துக் கத்தி எழுந்து நின்றது. கப்பலில் நின்ற துரை ஒருவன் கைதட்டினான்.

படுத்ததை எழுப்புவதுதான் இந்தத் தீவில் என் பிழைப்பு. மூட்டை தூக்க வந்த ஆரோக்கியம் வண்டிக்கார முதலாளி ஆரோக்கியநாதன் ஆனது அப்படித்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வண்டி விட்டு முடிந்ததும் வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி வை.

அண்ணன்
ஆரோக்கியநாதன்


கெப்பாலா பத்தாஸ்
19 ஜனவரி 1932

அண்ணனுக்கு அமலம் எழுதிக்கொண்டது.

வராதீர்கள்.

காய்ச்சல் என்று பொய்தான் சொன்னேன். காய்ச்சல் என்றால் நொய்யரிசி அனுப்புவீர்கள். மனசு சரியில்லை என்றால் ரோத்தான் பிரம்பைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். உங்கள் கூடப் பிறந்தவளுக்கு இது தெரியாதா?

அவருக்கு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குடி இல்லை. சூது இல்லை. வேறு பொம்பளையும் இல்லை. இருந்திருந்தால் நானே தலையை உடைத்திருப்பேன், உங்களுக்கு வேலை வைத்திருக்க மாட்டேன். விடிவதற்கு முன்னே விழித்துக்கொள்கிறார். விழித்தபடியே கிடக்கிறார். குளிக்கச் சொன்னால் கடலைத் தாண்டச் சொன்ன மாதிரி பார்க்கிறார். மீன் குழம்பு மண் மாதிரி இருக்கிறதாம். பட்டியில் மாடு கத்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "உள்ளுக்குள்ள யாரோ ஈர மணல் மூட்டையை ஏத்திட்டுப் போயிட்டாங்க அமலம். எறக்க ஆள் வரல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. யார் ஏற்றியது, ஏன் ஏற்றியது என்று கேட்டதற்கு, அது தெரிந்தால்தான் தேவலையே என்றார்.

காரணம் தேடாதீர்கள் அண்ணே. நான் தேடிப் பார்த்துவிட்டேன். வைக்கோலை நானே ஆள் பிடித்துக் கட்டி அனுப்புகிறேன். நீங்கள் மட்டும் வராதீர்கள்.

அமலம்


பினாங்கு
2 பிப்ரவரி 1932

அமலம்மாளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய்க் கட்டுப்போட்டிருக்கிறது. உலக்கையை அவ்வளவு வேகமாகச் சுழற்ற எங்கே படித்தாய்? கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்திலா? கூடப் பிறந்த அண்ணன் என்றும் பார்க்கவில்லை. ஊர் முன்னால் உலக்கையால் அடித்து, படியிலிருந்து உருட்டி, "இன்னொரு தரம் இந்தப் படிய மிதிச்சா மண்டைதான்" என்று கத்தினாய். அந்த மலாய்க்காரி ரோஹானா வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

நான் யாருக்காக அடித்தேன்? உனக்காகத்தானே? ஆறடி ஆம்பிளை, நெல் மூட்டையைப் பந்து மாதிரி தூக்குகிறவன், பாயில் சுருண்டு கிடக்கிறான். பெண்டாட்டி வயலில் நின்று கூலிகளோடு மல்லுக்கட்டுகிறாள். எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்? காலைப் பிடித்து வெளியே இழுத்தது நிஜம். மிளகாய்ப் புகை போட்டது நிஜம். ரோத்தான் உடைகிற வரைக்கும் அடித்ததும் நிஜம். கிணற்றடியில் எழுந்து நின்றானா இல்லையா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வைக்கோல் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பான். நீ குறுக்கே வந்து கெடுத்தாய்.

இப்போது கறாராகச் சொல்கிறேன். தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வருவதற்குள் அவன் எழுந்து வேலைக்கு வர வேண்டும். இல்லையென்றால் பைத்தியம் என்று எழுதி வாங்கி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்றுவேன். உன்னை இங்கே கொண்டுவந்து விடுவேன். எனக்கு ஒரே தங்கச்சி. படுத்த மாட்டோடு சேர்த்துக் கட்டிப்போட நான் உன்னைக் கொடுக்கவில்லை.

ஆரோக்கியநாதன்


கெப்பாலா பத்தாஸ்
6 பிப்ரவரி 1932

அண்ணனுக்கு,

கடிதத்தின் உச்சியில் சேசுவும் இல்லை, மரியும் இல்லை, சூசையும் இல்லை. அவர்களையும் ரோத்தானால் அடித்து விரட்டிவிட்டீர்களா?

எழுந்து நின்றார் என்கிறீர்கள். நின்றதைத்தான் பார்த்தீர்கள். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் "சரி மச்சான்" என்றார். காதில் விழுந்ததா? முதுகுத் தோல் உரிந்தது, "சரி மச்சான்." உதடு கிழிந்தது, "சரி மச்சான்." வலிக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லை. கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தனக்கு வர வேண்டியது வந்து சேர்ந்த மாதிரி வாங்கிக்கொண்டார். அதைக் கேட்ட பிறகுதான் நான் உலக்கையை எடுத்தேன்.

மருந்து போடும்போது கேட்டேன், ஏங்க திருப்பி அடிக்கல என்று. "உங்கண்ணன் சொல்றது சரிதானே? நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்தானே? அவரு கையாலயே முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். மருந்துக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் இருந்த கயிறு, பாராங்குக் கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் ரோஹானா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். என் புருஷன் சோம்பேறி இல்லை அண்ணே. சாகப் பார்க்கிறார். நீங்கள் அதற்குக் கை கொடுக்கிறீர்கள்.

அவரை ரயில் ஏற்றினால் அதே ரயில் சக்கரத்தில் நானும் இருப்பேன்.

அமலம்


பினாங்கு
20 பிப்ரவரி 1932

அமலம்மாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பயங்காட்டுகிற பேச்செல்லாம் வேண்டாம்.

மயிலை செத்துப்போயிற்று. நான் எழுப்பின பிறகு சில நாள் வேலை செய்தது. அப்புறம் சூலியா தெரு முனையில் வாயில் நுரை தள்ளி விழுந்தது. இந்தத் தரம் வாலைக் கடித்தும் எழவில்லை. செவலை அதன் பக்கத்தில் நின்றுகொண்டு யாரையும் நெருங்க விடவில்லை. வேறு ஜோடி போட்டுப் பார்த்தோம், அந்த மாட்டை முட்டி விலா எலும்பை உடைத்தது. வண்டிக்காரன் ஒருவனைச் சுவரோடு வைத்து நசுக்கியது. ஊரில் வைத்திருக்க முடியாது என்று செவலையை உன் பட்டிக்கு அனுப்புகிறேன். தனிக்கட்டையாகக் கொஞ்ச நாள் மேயட்டும்.

இன்னொரு சங்கதி. மாப்பிள்ளை படுத்தது, மயிலை செத்தது, செவலைக்குக் கிறுக்குப் பிடித்தது, எல்லாம் அடுத்தடுத்து நடந்தால் என்ன அர்த்தம்? யாரோ செய்துவிட்டார்கள் என்று என் வண்டிக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எதிர்க் கொட்டகை ராமதாஸ்தான். என் கப்பல்துறை வேலையைப் பிடுங்க வெகு நாளாக அலைகிறான். பாசாரில் வைத்துக் கேட்டேன். "உம்ம மாட்டுக்குத் தீனி போட வக்கில்ல, எம்மேல சூனியப் பழியா? போய் உம்ம மாப்பிள அந்தோணிராஜுக்குக் கண்ணாலம் பண்ணி வைச்ச மாதிரி மாட்டுக்கும் ஒரு கண்ணாலம் பண்ணி வையும்" என்று சிரித்தான். சிரித்த வாயில் ஒன்று வைத்தேன். தராசுத் தட்டோடு சேர்ந்து விழுந்தான். சாயங்காலம் அவன் ஆட்கள் வந்து என் இரண்டு வண்டிச் சக்கரத்தைக் கோடாலியால் பிளந்துவிட்டுப் போனார்கள். நான் விடவில்லை. அவன் கொட்டகைக் கூரை இப்போது தரையில் கிடக்கிறது.

ஆக, காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் வழியும் உண்டு. பேயோட்டுகிற ஆள் ஒருவனைப் பிடித்திருக்கிறேன், கெட்டிக்காரனாம். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருவான். தடுக்காதே. பங்குச் சாமியாருக்குத் தெரிய வேண்டாம்.

ஆரோக்கியநாதன்


பட்டர்வொர்த் ஆஸ்பத்திரி
4 மார்ச் 1932

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் முழுக்கப் படியுங்கள்.

உங்கள் கெட்டிக்காரன் இரண்டு தடியன்களோடு வந்தான். அவரை வீட்டுத் தூணில் கட்டினார்கள். நான் கத்தினேன், ஒருவன் என் வாயைப் பொத்தித் தள்ளினான். பேயின் பேரைச் சொல்லச் சொல்லிச் சாட்டையால் அடித்தான். "உன் பேர் என்ன?" "அந்தோணிராஜ்." "பொய்!" ஒரு அடி. "உன் பேர் என்ன?" "அந்தோணிராஜ்." மறுபடியும் அடி. இப்படியே போயிற்று. கடைசியில் அவர் தலையைத் தூக்கி, "என்ன பேரு சொன்னா நிறுத்துவீங்க? அதயே சொல்லிடறேன்" என்றார்.

நான் வேலியைத் தாண்டி ஓடி ரோஹானாவிடமிருந்து பாராங்கை வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் வெட்டு அவன் தோளில். இரண்டாவது வெட்டு கயிற்றில். மூன்றாவதுக்கு அவர்கள் நிற்கவில்லை. போலீசுக்குப் போகமாட்டான், போனால் அவனும்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் வாசலுக்கு வருவான். அவன் தோளைப் பாருங்கள், அந்த வெட்டு உங்களுக்கு வைத்திருந்தது.

அவர்களைத் தெருமுனை வரைக்கும் விரட்டிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் அவர் இல்லை.

பட்டியில் இருந்தார். செவலை நிற்கிற பட்டி. நீங்கள் அனுப்பி வைத்தது. படலைத் திறந்து, உள்ளே போய், பின்னால் படலைச் சாத்திக்கொண்டு, கையில் கோல் இல்லாமல், அதற்கு முன்னால் போய் நின்றார் அண்ணே. நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அது தலையைத் தாழ்த்தியது. அவர் நகரவில்லை.

விலா எலும்பு மூன்று போய்விட்டது. வயிற்றோரம் கொம்பு கிழித்திருக்கிறது. ரோஹானாவின் புருஷனும் நானும் கழியால் அடித்து மாட்டை ஒதுக்கி அவரை இழுத்தோம். ரத்தத்தில் கிடந்துகொண்டு அவர் சொன்னது ஒன்றுதான். "மாட்ட ஒண்ணும் பண்ணிடாதீங்க. அது மேல தப்பில்ல." வலிக்கிறதா என்றேன். மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழைப்பாரா என்று இன்னும் சொல்லவில்லை. நீங்கள் காரணம் தேடினீர்கள். இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது, கண்ணாடியில் பாருங்கள்.

அமலம்


சேசு மரி சூசை துணை

பினாங்கு
13 மார்ச் 1932

அமலத்துக்கு,

ஆஸ்பத்திரி வாசலில் நீ கொடுத்த அறை இன்னும் காதில் கொய்யென்று கேட்கிறது. பரவாயில்லை. உள்ளே விடவில்லை, அதுவும் பரவாயில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டான் என்று காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெஸர் விஸ்வலிங்கம் வந்து சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர், மெதுவான பேச்சு. எனக்கு மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். ஆனாலும் கேட்டேன். எலும்பு முறிந்தது தெரிகிறது, அதற்கு முன்னால் என்ன முறிந்தது, அதைச் சொல்லும் என்றேன்.

"அது சோம்பல் இல்லை ஐயா, பேயும் இல்லை. அது வருத்தம், ஒரு நோய். மனம் விழுந்துபோற வருத்தம். கால் முறிஞ்சவனை ஓடு எண்டு அடிப்பியளோ?" என்றார். மருந்து இருக்கிறதா என்றேன். தூங்க வைக்க ஏதோ கொடுக்கலாமாம், மற்றபடி தனியே விடக்கூடாது, ஏன் எதற்கு என்று குடையக்கூடாது, வெயிலில் கொஞ்சம் நடக்க வைக்க வேண்டும். "மாறும். ஆனால் எப்ப எண்டு சொல்ல ஏலாது" என்றார். நாள் சொல்ல முடியாத வியாபாரத்தில் எவன் இறங்குவான் என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன்.

நேராக உன் பட்டிக்குப் போனேன். கையில் கோடாலி. செவலையின் நெற்றியில் இறக்குவது என்றுதான் போனேன். அது மூலையில் நின்றது. தீவனம் தொட்ட மாதிரி இல்லை. என்னைப் பார்த்து முட்ட வரவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோடாலியைக் கீழே போட்டேன். ஆளைக் கூப்பிட்டுக் கட்டி, கொம்பு இரண்டையும் அறுத்து, தாரைப் பூசிவிட்டு வந்தேன்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்டவன் இல்லை. தெரிந்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது மாடு.

கப்பல்துறையில் படுத்த மாட்டை வாலைக் கடித்து எழுப்பினேன் என்று பீற்றிக்கொண்டேனே, அது பாதிதான். அப்படி எழுப்புவது அன்றைய லோடு இறங்குவதற்காக. மறுநாள் அறுப்புக்காரனிடம் விற்கப்போகிற மாட்டை அப்படி எழுப்பலாம். வைத்துக்கொள்ளப் போகிற மாட்டை நான் ஒரு நாளும் அப்படி எழுப்பினது இல்லை. மயிலையை வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் நுகத்தை அவிழ்த்து, மூட்டையை இறக்கி, துரையும் லோரிக்காரனும் காத்துக் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன்.

வைத்துக்கொள்கிற மாடு படுத்தால், எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் அந்தப் பக்கத்துக் கால் செத்துப்போகும். அதனால் காலையில் ஒரு பக்கம், வெயில் ஏறினதும் மறு பக்கம் என்று புரட்டிப் போடுவோம். புரட்டத்தான் வேண்டும், அது முறைத்தாலும் சரி. பாவம் கிடக்கட்டும் என்று விட்டால் அதுவும் கொலைதான். நெஞ்சுக்கு அடியில் வைக்கோல் மூட்டை அணை கொடுப்போம், மூச்சு அடைக்காமல் இருக்க. மாடு தொட்டிக்குப் போகாது, தொட்டி மாட்டிடம் வர வேண்டும். அப்புறம் ஒருத்தன் அதன் முதுகில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஓர் உடம்புச் சூடு இருந்தால் அதற்குப் போதும்.

எழுகிற அன்றைக்கும் பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். தலை கடைசியில்தான் வரும். அதனால் மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பைத் தேடிக்கொண்டிருக்காதே. கால் நடக்கிறதா என்று மட்டும் பார்.

தஞ்சோங் ரம்புத்தான் பேச்சை எடுத்தது போதும். ராமதாஸின் கூரையைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் இன்னும் என்னைத் திட்டுகிறான். திட்டட்டும்.

அண்ணன்


கெப்பாலா பத்தாஸ்
22 மே 1932

அண்ணனுக்கு அமலம்.

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. கோபம் ஆறாமல் எழுதினால் மறுபடியும் உலக்கைதான் வரும் என்று விட்டுவிட்டேன்.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். என் புருஷனை மாடு என்று எழுதியிருக்கிறீர்களே என்று திட்டிக்கொண்டே படித்தேன். அவர் மறுநாள், "வைத்துக்கொள்கிற மாடுன்னா எழுதியிருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

புரட்டிப் போடுகிறேன். காலையில் பாயைச் சுருட்டி எடுத்துவிடுவேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவர் படியில் வந்து உட்காருவார். எழுந்திருங்க என்று சொல்வதில்லை, பாயைக் காணோம், அவ்வளவுதான். வெயில் ஏறினதும் கிணற்றடி. குளிக்காவிட்டாலும் கால் நனைய வேண்டும். சோற்றைக் கையில் உருட்டிக் கொடுக்கிறேன். மத்தியானம் ரோஹானா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். அவளுக்குத் தமிழ் வராது, அவருக்குப் பேச வராது, இரண்டு பேருக்கும் அது பொருத்தமாக இருக்கிறது.

நன்றாக ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் படலை வரைக்கும் நடந்து போய் வேலிக்கு வெளியே நின்று செவலைக்கு வைக்கோல் போடுகிறார். அது இவர் போட்டால்தான் தின்கிறது. மூன்றாவது நாள் வெறும் தரையிலேயே சுவரைப் பார்த்துச் சுருண்டுவிடுகிறார். ஏறின படியெல்லாம் சறுக்கின மாதிரி இருக்கிறது.

போன வாரம் நான் அவரை அறைந்துவிட்டேன் அண்ணே. நானே. பசிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அலுத்து, கை போய்விட்டது. "சரி அமலம்" என்றார். உங்களிடம் சொன்னாரே, அதே சரி. அதைக் கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாளியைப் போட்டு மிதித்து நசுக்கினேன். எனக்குத் தெம்பு இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மணல் மூட்டை என் மேலும் சரிகிறது.

நீங்கள்தானே எழுதினீர்கள், ஒருத்தன் சாய்ந்து உட்கார வேண்டும் என்று? வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாய்ந்து உட்காருங்கள். நான் பூசைக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்துவிட்டு வருகிறேன். ரோத்தான், மிளகாய், பேயோட்டி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. வெற்றிலை மட்டும் வரலாம்.

உலக்கை கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அமலம்


சேசு மரி சூசை துணை

பினாங்கு
27 ஜூலை 1932

அமலத்துக்கு,

நேற்று அன்னம்மாள் திருநாளுக்கு நீ புக்கிட் மெர்த்தாஜாம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ரோஹானா கைச்சாடையில் சொன்னதை நம்பாதே, அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஒழுங்காகத்தானே வந்து உட்கார்ந்தேன்? பேசாமல் உட்காருவது எனக்கு மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் வெந்துவிட்டது. அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். ஒரு தரம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். எழுப்பாமல் உட்கார்ந்திருந்ததில் கடைசிப் படகைக் கோட்டை விட்டேன், ஞாபகம் இருக்கும்.

நேற்று நான் தனியாக வரவில்லை. அறுப்புக்காரன் இஸ்மாயிலையும் கூட்டிக்கொண்டு வந்தேன். செவலை நுகம் தொடாது, கொம்பும் இல்லை, ஆளைக் குத்தின மாடு, இன்னும் எத்தனை காலம் சும்மா தீனி போடுவது? வியாபாரம் வியாபாரம்தானே. மாப்பிள்ளை படியில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, சரி என்பான். இஸ்மாயில் பட்டிக்குள் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். செவலை காலை ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நான் பின்னால் போய் வாலைப் பிடித்து முறுக்கினேன். பழக்க தோஷம், பல்லும் கிட்டப் போய்விட்டது.

"விடுய்யா!"

யார் குரல் என்று தெரியாமல் திரும்பினேன். அந்தோணி படலுக்குள் நிற்கிறான். விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்குகிறது. முகம் சிவந்து கிடக்கிறது. "இது ஒரு கிறுக்கு மாடு மாப்பிள, நீ போய் உக்காரு" என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

"வச்சிக்கிற மாடுய்யா இது!" என்றான். சொல்லிக்கொண்டே அடித்தான்.

அமலம், பாசாரில் எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். இப்படி ஒன்று வாங்கினதில்லை. சாணியில் மல்லாந்து விழுந்தேன். வலது பக்கத்துக் கடைவாய்ப் பல் கையோடு வந்துவிட்டது. எழுந்தேன், இன்னொன்று விழுந்தது. இஸ்மாயில் குறுக்கே வந்தான், அவனுக்கும் ஒன்று. "மச்சான்னு பாக்கறேன், இல்லாட்டி கொன்னுடுவேன்!" என்று அவன் கத்தின கத்தில் கம்போங் ஊரே கூடிவிட்டது. நான் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தேன். இஸ்மாயில் என்னைத்தான் கிறுக்கு என்று நினைத்திருப்பான்.

அவன் பட்டியில் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ரோஹானாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு நான் படகு ஏறினேன். பூசைக்குப் போகிறபோது அன்னம்மாளுக்கு என் பேரில் ஒரு மெழுகுதிரி ஏற்று, பெரியதாக.

செவலையை விற்கவில்லை. அடுத்த ஞாயிறு வருவேன். மறுபடியும் அடிக்கத் தோன்றினால் இடது பக்கம் அடிக்கச் சொல், அந்தப் பக்கம் பல் நிறைய இருக்கிறது.

அண்ணன்


கெப்பாலா பத்தாஸ்
30 ஜூலை 1932

அண்ணனுக்கு,

சொல்லாமல் அறுப்புக்காரனைக் கூட்டி வந்ததற்கு உங்களுக்கு இன்னும் இரண்டு பல் போயிருக்க வேண்டும். ரோஹானா எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். நீங்கள் சாணியில் விழுந்ததை இரண்டு தரம் நடிக்கச் சொன்னேன்.

அதற்காக ஊரெல்லாம் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். நேற்றிலிருந்து மறுபடியும் படுத்துவிட்டார். சுவரைத்தான் பார்க்கிறார். உங்களை அடித்த களைப்போ, அடித்துவிட்டோமே என்கிற குறையோ, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. காலையில் பாயை எடுத்துவிட்டுப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

அவர் வலது கை வீங்கியிருக்கிறது. உங்கள் பல் பட்ட இடம், விரல் முட்டியில் சதை பிய்ந்து சீழ் கோத்திருக்கிறது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, மெதுவா அமலம்" என்றார். "வலிக்குது."

நான் துணியைக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு தரம் சொல்லுங்க என்றேன்.

அமலம்